இடப்பக்கமே சாய்கிற தட்டை என்ன செய்வது?

கேள்வி: வட கரோலினாவின் ஷார்லட்டில் இருக்கிறேன். ஐந்து மாதமாக டிஸ்க் கோல்ஃப் (பிளாஸ்டிக் தட்டை எறிந்து பாஸ்கெட்டில் விழவைக்கிற ஆட்டம்) ஆடுகிறேன். வலது கைக்காரி. பள்ளியிலும் கல்லூரியிலும் டென்னிகாய்ட் ஆடியவள், வளையத்தை மேல்நோக்கி விட்டே பழகிய கை. போன மாதம் ஒரு கடையில் “காற்றுக்கு அசையாத மிட்ரேஞ்ச்” என்று சொல்லி, இன்னோவா கம்பெனியின் கேட்டர் என்ற நடுத்தூரத் தட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். சாம்பியன் பிளாஸ்டிக், 178 கிராம். பேக்ஹேண்டில் (உடம்புக்குக் குறுக்கே கையை இழுத்து) எறிந்தால் கொஞ்ச தூரம் மேலே ஏறுகிறது, நிற்கிறது, அப்படியே இடப்பக்கம் சரிந்து விழுகிறது. 140 அடியைத் தாண்டுவதில்லை. கூட ஆடுகிறவர்கள், “வலப்பக்கம் சாய்த்து அன்ஹைசரில் விடு, நேராகிவிடும்” என்கிறார்கள். ஆனால் ஃபோர்ஹேண்டில் (வலப்பக்கமிருந்து மணிக்கட்டைச் சுண்டி எறிவது) இது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகப் போகிறது! கோடையில் டென்வருக்குக் குடிபோகிறோம். அங்கே இன்னும் மோசமாகும் என்று பயமுறுத்துகிறார்கள். விற்றுவிடலாமா? என் கைக்கு வலு போதவில்லையா?

பதில்:

விற்காதீர்கள். ஆனால் இரண்டு மாதத்துக்கு அதை பேக்ஹேண்டில் எறியாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

கைக்கு வலு போதவில்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. “கொஞ்ச தூரம் மேலே ஏறுகிறது, நிற்கிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான். கேட்டர் மாதிரி ஓவர்ஸ்டேபிள் டிஸ்க், அதாவது வேகம் குறைந்ததும் பலமாக இழுக்கிற வகை, இடப்பக்கம் விழுவது அதன் பிறவிக்குணம், அதை யாரும் மாற்ற முடியாது. மேலே ஏறி நிற்பது மட்டும் அதன் குணம் இல்லை. அது உங்கள் மணிக்கட்டு செய்கிற வேலை. இரண்டும் சேர்ந்து நடப்பதால் எல்லாப் பழியும் தட்டின் மேல் விழுகிறது.

முதலில் தட்டின் குணத்தைப் பார்ப்போம். கேட்டருக்கு 5, 2, 0, 3 என்று நான்கு எண்கள் போட்டிருப்பார்கள். முதல் எண் ஸ்பீடு, அந்தத் தட்டு தன் இயல்பில் பறக்க எவ்வளவு வேகம் கேட்கிறது என்பது. இரண்டாவது கிளைடு, எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது டர்ன், முழு வேகத்தில் வலப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது. இது மைனஸில் இருந்தால் வலப்பக்கம் சாயும், 0 என்றால் சாயாது. நான்காவது ஃபேட், வேகம் குறைந்த பிறகு இடப்பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பது. வலது கை பேக்ஹேண்டுக்குத்தான் இந்தத் திசைக் கணக்கு. இடது கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ்.

இப்போது அதே கம்பெனியின் ராக்3 என்ற மிட்ரேஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள்: 5, 4, 0, 3. கிளைடு தவிர எல்லாம் ஒன்றுதான். ஆனால் எறிந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆசாமிகள். ராக்3 கொஞ்சம் மிதந்து, தூரம் காட்டி, அப்புறம் இடப்பக்கம் இறங்கும். கேட்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேகம் தீர்ந்ததும் இறங்கிவிடும். இதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்கெட்டைத் தாண்டி மிதந்து போய் ஓடையில் விழாத தட்டு வேண்டும் என்றுதான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதை வாங்குகிறார்கள். உங்களுக்கு இப்போது அந்தப் பிரச்சினையே இல்லை. பாஸ்கெட் வரைக்கும் போனால்தானே தாண்டுவதற்கு!

இந்த எண்களை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை ஒவ்வொரு கம்பெனியும் தானே போட்டுக்கொள்கிற மதிப்பெண். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏ ஒரு தட்டை அங்கீகரிப்பதற்கு முன் விட்டம், எடை, விளிம்பின் அகலம், வளையும் தன்மை போன்றவற்றை அளந்து பார்க்கும். எப்படிப் பறக்கும் என்று சான்றிதழ் எதுவும் தருவதில்லை. அதனால் ஒரு கம்பெனியின் 3 இன்னொரு கம்பெனியின் 3 ஆக இருக்க வேண்டியதில்லை. ஒரே பெயர், ஒரே பிளாஸ்டிக், ஒரே எடை என்றாலும் மேல்பக்கம் தட்டையாக வார்க்கப்பட்டது ஒரு மாதிரியும், கொஞ்சம் உப்பலாக வந்தது வேறு மாதிரியும் பறக்கும். பொதுவாகத் தட்டையானதுதான் அடம் பிடிக்கும்.

சரி, இடப்பக்கம் ஏன் இழுக்கிறது? சின்ன வயதில் பம்பரம் விட்டிருப்பீர்கள், குறைந்தபட்சம் அண்ணன் தம்பி விட்டதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுகிற பம்பரத்தின் தலையை விரலால் ஒரு பக்கம் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாது. கால் சுற்று தள்ளி, வேறொரு பக்கம் சாயும். சுற்றுகிற எந்தப் பொருளுக்கும் இதே வழக்கம்தான், டிஸ்க்குக்கும் அப்படியே.

உங்கள் பேக்ஹேண்டில் தட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுற்றுகிறது. வேகமாகவும் சமமாகவும் போகும்போது காற்றின் தூக்குவிசை தட்டின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் விழும், மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அமுக்கப் பார்க்கும். பம்பரக் கணக்குப்படி அந்த அமுக்கல் வலப்பக்கச் சாய்வாக வெளிப்படுகிறது. அதுதான் டர்ன். வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கினால் காற்று அடிவயிற்றில் மோதும். தூக்குவிசை மையத்துக்கு முன்னால் நகர்ந்து மூக்கை மேலே நெம்பும். அந்த நெம்பல் இடப்பக்கச் சாய்வாக மாறுகிறது. இது ஃபேட். இரண்டும் எல்லாத் தட்டுக்கும் உண்டு, எது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். ஓவர்ஸ்டேபிள் தட்டில் முதல் பகுதி ஏறத்தாழ இல்லை, இரண்டாவது சீக்கிரமே வந்துவிடுகிறது.

இதை வடிவத்திலேயே பார்க்கலாம். கேட்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கிற அந்த முனை, அதைத்தான் மூக்கு என்கிறோம், மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் நேராகப் பறக்கிற ஒரு மிட்ரேஞ்சை வையுங்கள். அதன் மூக்கு தாழ இருக்கும். பெரும்பாலும் இந்தச் சில மில்லிமீட்டர் உயரம்தான் ஒன்றை அடங்காததாகவும் இன்னொன்றைச் சாதுவாகவும் ஆக்குகிறது. கடையில் நின்று தட்டு பொறுக்கும்போது எண்களை விட நான் இதைத்தான் அதிகம் பார்ப்பேன்.

இப்போது உங்கள் கடிதத்துக்குத் திரும்புவோம். தட்டை விடும்போதே மூக்கு மேல்நோக்கி இருந்தால் என்ன ஆகும்? காற்று முதல் அடியிலிருந்தே அடிவயிற்றில் மோதும். அதாவது, கடைசியில் நடக்க வேண்டியது கையை விட்டதுமே தொடங்கிவிடும். தட்டு பட்டம் மாதிரி எழும்பும், வேகம் முழுக்க எழும்புவதிலேயே செலவாகும், ஒரு கணம் நிற்கும், அப்புறம் இடப்பக்கம் சறுக்கும். நீங்கள் எழுதியிருப்பது அட்சரம் பிசகாமல் இதுதான். நேராகப் பறக்கும் தட்டைக் கொடுத்தாலும் உங்கள் கையில் இது கொஞ்சம் நடக்கும். கேட்டரில் பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான்.

டென்னிகாய்ட் பற்றி எழுதினீர்களே, அதற்காக உங்களுக்குத் தனியாக நன்றி. பேக்ஹேண்ட் பக்கமிருந்து வளையத்தை எறிந்து பழகிய கை இந்த ஆட்டத்துக்குப் பெரிய சொத்து. இடுப்பைத் திருப்புவது, வளையம் தள்ளாடாமல் விடுவது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். ஆனால் வலைக்கு மேலே போக வேண்டும் என்பதற்காக மணிக்கட்டால் கீழிருந்து மேலே அள்ளுகிற பழக்கமும் கூடவே வந்திருக்கிறது. இங்கே வலை கிடையாது. 150 அடி தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச் உங்கள் தலைக்கு மேல் கொஞ்சம் எழும்பினாலே போதும்.

கையைக் குலுக்க நீட்டுகிற மாதிரி நீட்டுங்கள். இப்போது மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகக் கொஞ்சம் தாழ்த்துங்கள், சுத்தியல் ஆணியின் தலையைத் தொட்ட நேரத்தில் மணிக்கட்டு எப்படி இருக்குமோ அப்படி. இந்த நிலையில் தட்டைப் பிடித்தால் மூக்கு தானாகவே இறங்கும். அப்படியே மார்பு உயரத்தில் இழுத்து விடுங்கள். விடும்போது எடை முன்காலில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்காலில் சாய்ந்துகொண்டு எறிந்தால் மணிக்கட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூக்கு எழும்பிவிடும்.

பயிற்சிக்கு ஒரு மரக்கிளை தேடுங்கள். பத்தடி உயரத்தில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிற கிளை, உங்களிடமிருந்து முப்பது அடி தள்ளி. அதற்கு அடியில் விட வேண்டும். தூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், நின்ற இடத்திலிருந்தே விடுங்கள். ஷார்லட்டில் கிளைக்குப் பஞ்சமா? ஹார்னெட்ஸ் நெஸ்ட், ரெனசான்ஸ் என்று எந்தப் பூங்காவுக்குப் போனாலும் மரம் மரமாகத்தான் இருக்கும். கிளைக்கு அடியில் பத்துக்கு எட்டு தடவை போக ஆரம்பித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

இந்தப் பயிற்சியை கேட்டரில் செய்யாதீர்கள் என்பதுதான் நான் ஆரம்பத்தில் சொன்னதன் பொருள். நேராகப் போகிற மிட்ரேஞ்ச் ஒன்றை வாங்குங்கள். டிஸ்க்ராஃப்ட்டின் பஸ் (பேருந்து இல்லை, வண்டு ரீங்காரத்தின் பெயர்) நல்ல தேர்வு. அதன் எண்கள் 5, 4, -1, 1. எடை 170 கிராமுக்குள் இருந்தால் உங்கள் வேகத்துக்கு இன்னும் வசதி. விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் என்பது பிடிஜிஏ வைத்திருக்கிற மேல்வரம்பு. 21.7 சென்டிமீட்டர் மிட்ரேஞ்சுக்கு அது 180 கிராம் வரை வரும். கடைக்காரர் உங்களுக்கு அந்த வரம்பின் ஓரத்தில் இருப்பதைக் கொடுத்திருக்கிறார். ஐந்து மாத ஆட்டக்காரருக்கு 178 கிராம் கேட்டர் என்பது சைக்கிள் பழகுகிறவருக்கு லாரி ஸ்டியரிங்கைக் கொடுத்த மாதிரி. அவர் பொய் சொல்லவில்லை, காற்றுக்கு அது அசையாதுதான். உங்கள் கையைப் பார்க்காமல் கொடுத்துவிட்டார்.

அன்ஹைசர் யோசனைக்கு வருவோம். தட்டின் வெளிவிளிம்பை மேலே தூக்கி, வலப்பக்கம் சாய்வாக விட்டால் ஓவர்ஸ்டேபிள் தட்டு முதலில் வலப்பக்கம் போய், மெல்ல நிமிர்ந்து, கடைசியில் இடப்பக்கம் வந்து இறங்கும். ஒரு எஸ் வளைவு. ஃப்ளெக்ஸ் என்பார்கள். அழகான எறிதல்தான், வேண்டிய இடத்தில் நானும் விடுவேன். உங்கள் நண்பர்கள் சொன்னபடி செய்தால் தட்டு பாஸ்கெட் திசையில் போய் விழவும் கூடும். ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொண்டால் உங்கள் உடம்பு சாய்ந்து எறிவதைத்தான் ‘நேர்’ என்று மனப்பாடம் செய்துவிடும். மூக்கு எழும்புவது அப்படியே இருக்கும், அதன் மேல் இன்னொரு கோணல் ஏறும். நாளைக்கு நேராகப் போகும் தட்டை எடுத்தால் அது வலப்பக்கப் புதருக்குள் ஓடும். ஒரு பிசகைச் சரிசெய்ய இரண்டாவது பிசகைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஆட ஆரம்பித்த முதல் இரண்டு வருடம் என் பையில் ஓவர்ஸ்டேபிள் தட்டுகள் மட்டும்தான் இருந்தன. மற்றவை எல்லாம் வலப்பக்கம் கவிழ்ந்து உருண்டு ஓடும். எனக்கு அதில் பெருமை வேறு, “நம்ம கை வேகத்துக்கு லேசான தட்டு தாங்காது” என்று. ஒரு நாள் கூட ஆடிய பெரியவர் ஒருவர் தன் பழைய பட்டரை (பாஸ்கெட் பக்கத்தில் எறிகிற தட்டு), விளிம்பெல்லாம் மழுங்கிப்போனதை, கையில் கொடுத்து 100 அடி எறியச் சொன்னார். எறிந்தேன். ஓடையில் போய் விழுந்தது. மறுபடி எறிந்தேன், மறுபடி ஓடை. என் கையில் வேகமும் இல்லை, ஒன்றும் இல்லை. விடும்போது மணிக்கட்டை மேலே உருட்டி விட்டுக்கொண்டிருந்தேன். அடம்பிடிக்கிற தட்டு அந்த உருட்டலைத் தின்றுவிட்டு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பழைய மீனை மிளகாய்த் தூள் தூக்கலாகப் போட்டு மறைப்பது போல. அந்த ஒரு பழக்கத்தைப் போக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அதனால்தான், உங்கள் ஃபோர்ஹேண்டில் கேட்டர் மட்டும் ஒழுங்காகப் போகிறது என்பதை நான் முழுச் சந்தோஷத்தோடு படிக்கவில்லை. ஃபோர்ஹேண்டில் தட்டு எதிர்த்திசையில் சுற்றும், எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறும், முடிவில் வலப்பக்கம் இழுக்கும். புதிதாக ஃபோர்ஹேண்ட் பழகுகிற ஏறத்தாழ எல்லோருமே மணிக்கட்டை உருட்டுவார்கள், தட்டு தள்ளாடிக்கொண்டே போகும். லேசான தட்டு அந்தத் தள்ளாட்டத்தில் கவிழ்ந்துவிடும். கேட்டர் பொறுத்துக்கொள்கிறது. நல்லதுதான், ஆட்டத்தில் பயன்படுத்துங்கள். ஆனால் பயிற்சி நேரத்தில் ஐந்து எறிதலில் ஒன்றாவது நேர்த் தட்டில் ஃபோர்ஹேண்ட் விடுங்கள். அது கவிழாமல் போகிற அன்று உங்கள் ஃபோர்ஹேண்ட் உண்மையிலேயே வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபோர்ஹேண்டுக்கு கேட்டர் பொருந்துவதற்குக் கையில் உட்காரும் விதமும் ஒரு காரணம். மிட்ரேஞ்சின் விளிம்பு, நெடுந்தூரத் தட்டான டிரைவரின் விளிம்பை விடக் குறுகலாக இருக்கும், நடுவிரல் உள்சுவரில் நன்றாகப் பதியும். மேல்பக்கம் தட்டையாக இருந்தால் கட்டைவிரலுக்கும் இடைஞ்சல் இல்லை. உப்பலான தட்டில் கட்டைவிரல் மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு வழுக்கும். சாம்பியன் பிளாஸ்டிக் மழையிலும் வியர்வையிலும் வழுக்கக்கூடியது. கரோலினாவின் ஜூலைப் புழுக்கத்தில் ஒரு துண்டு இல்லாமல் போகாதீர்கள்.

பேக்ஹேண்டில் இரண்டு மாதத்துக்குப் பிறகு கேட்டரை எதற்கு எடுப்பது? எதிர்க்காற்றுக்கு. காற்று எதிரே வந்தால் தட்டுக்குத் தன் வேகம் கூடிவிட்டது போல இருக்கும், ஆகவே எல்லாத் தட்டும் வலப்பக்கம் சாயத் துடிக்கும். நேர்த் தட்டு கவிழும், கேட்டர் நேர்த் தட்டு மாதிரி பறக்கும். பின்காற்றில் இதற்கு மாறாக நடக்கும், விட்டவுடன் விழுந்துவிடும், அப்போது பையிலேயே இருக்கட்டும். பக்கவாட்டுக் காற்றில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தட்டு இடப்பக்கம் சாய்ந்து இறங்கும்போது அதன் அடிவயிறு வலப்பக்கம் பார்த்திருக்கும். வலப்பக்கமிருந்து வருகிற காற்று அந்த வயிற்றில் பட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடும், நீங்கள் நினைத்ததை விட இருபது அடி இடப்பக்கம் விழும். இடப்பக்கக் காற்று முதுகில் பட்டுத் தரையில் அமுக்கும். ஆட ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே விட்டுப் பார்ப்பது சும்மா இல்லை.

அப்புறம் ஹைசர். தட்டை ஆரம்பத்திலேயே இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் குறிபார்த்து விடுவது. கேட்டரில் இது ஏறத்தாழ தவறவே தவறாது. நேராக எறிய நினைத்தால் கை கொஞ்சம் பிசகினாலும் வலமா இடமா என்று தெரியாது. ஹைசரில் இடப்பக்கம்தான் வரும் என்பது உறுதி, எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி. இடது பக்கம் வளைகிற ஃபேர்வே (எறிகிற பாதை), நடுவில் ஒரு ஓக் மரம், பின்னால் பாஸ்கெட் என்றால் இதை விட நிம்மதியான எறிதல் கிடையாது.

தரையைத் தொட்ட பிறகும் அதன் வேலை முடிவதில்லை. சாய்வாக வேகமாக வந்து இறுகிய தரையில் பட்டால் தட்டு ஒரு தாவு தாவி இன்னும் இடப்பக்கம் போகும். ஸ்கிப் என்கிறோம். ஷார்லட் பக்கத்து மண்ணைப் பார்த்திருப்பீர்கள், நம் ஊர்ச் செம்மண் மாதிரியே சிவந்த களிமண். வெயிலில் காய்ந்தால் சிமெண்டுத் தளம்தான், முப்பது அடி கூடத் தாவும். மழை பெய்த மறுநாள் அதே இடத்தில் சொத்தென்று ஒட்டிக்கொள்ளும். பைன் ஊசி இலைகள் கிடக்கிற இடத்தில் தாவாது, வழுக்கும். பாஸ்கெட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கேட்டரை விட்டால் முதலில் சந்தோஷம், பிறகு தேடுதல் வேட்டை.

குடிபெயராமல் அக்டோபர் வரை இருந்திருந்தால் உங்களை ராக் ஹில்லுக்குப் போகச் சொல்லியிருப்பேன். உங்கள் ஊரிலிருந்து தெற்கே அரைமணி நேரம். வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடக்கிறது. அங்கே 17ஆவது குழி (பெயர்தான் குழி, இருப்பது பாஸ்கெட்) பெயர் பெற்றது. வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தீவு மாதிரி எல்லை கட்டியிருப்பார்கள். தூரம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் உள்ளே விழுந்து உள்ளேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். 400 அடி அனாயாசமாக எறிகிறவர்கள் அங்கே வந்ததும் பையில் கைவிட்டுத் துழாவுவதைப் பார்க்க வேண்டும். எது அதிக தூரம் போகும் என்று யோசிப்பதில்லை, எது எங்கே நிற்கும் என்று தெரிந்ததை எடுக்கிறார்கள். கேட்டர் வகைத் தட்டின் பிழைப்பே அந்த ஒரு தருணத்துக்காகத்தான். காணொளிகள் நிறைய இருக்கின்றன, டென்வரில் உட்கார்ந்துகூடப் பார்க்கலாம்.

உங்கள் தட்டு இப்படியே அடம்பிடித்துக்கொண்டு இருக்கப்போவதும் இல்லை. மரத்தில் மோதி மோதி மூக்கு மழுங்கும்போது ஓவர்ஸ்டேபிள் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக நேராகப் பழகும். சாதாரண டிஎக்ஸ் பிளாஸ்டிக்கில் சில மாதத்திலேயே தெரியும். சாம்பியன் கல் மாதிரி, வருடக்கணக்கில் ஆகும். ராக் என்ற தட்டு 1987இல் வந்தது, பழைய ஆட்டக்காரர்கள் அதையே மூன்று நான்கு வைத்திருப்பார்கள். புதிது ஒன்று எதிர்க்காற்றுக்கு, பாதி தேய்ந்தது நேருக்கு, நன்றாக அடிபட்டது வலப்பக்கம் வளைக்க. புதுத் தோசைக்கல்லைத் திட்டிக்கொண்டே பழக்குவோமே, அந்தக் கதைதான். ஒரு விஷயம், பழக்குகிறேன் என்று சுவரில் மோதியோ விளிம்பைத் தேய்த்தோ வைக்காதீர்கள். தானாகத் தேய்வது விதிப்படி சரி, பறக்கும் குணத்தை மாற்றுவதற்காக நாமே தேய்த்தால் போட்டிகளில் செல்லாது.

கடைசியாக டென்வர். பயமுறுத்தியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. நகரம் கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. தட்டைத் தாங்குகிற காற்றே மெலிந்துவிட்டதால் மிதப்பும் குறையும், வலப்பக்கச் சாய்வும் குறையும். எல்லாத் தட்டும் இங்கே பறப்பதை விட ஒரு படி ஓவர்ஸ்டேபிளாகப் பறக்கும். இங்கே நேராகப் போகும் பஸ் அங்கே கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும், கேட்டர் உங்கள் கையில் இன்னும் சீக்கிரம் விழும். அதனால் அங்கே போய் இறங்கிய முதல் வாரமே “எல்லாம் மறந்துபோச்சு” என்று அழாதீர்கள். தூரத்துக்கு இன்னும் லேசான, -2 போல டர்ன் உள்ள ஒரு தட்டை அங்கே உள்ளூரில் எறிந்து பார்த்து வாங்குங்கள். இங்கிருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டாம், இங்கே பறப்பதை வைத்து அங்கே பறப்பதைச் சொல்ல முடியாது. கேட்டர் ஃபோர்ஹேண்டுக்கும் காற்றுக்கும் பையின் ஓரத்தில் இருக்கட்டும். சமவெளி முடிந்து மலை எழும்புகிற ஊர் அது, காற்றுக்குக் குறைவிருக்காது.

கிளைக்கு அடியில் பத்துக்கு எட்டு போக எத்தனை நாள் பிடித்தது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். மூன்று வாரம் என்று நான் நினைத்திருக்கிறேன். டென்னிகாய்ட் கை, அதற்கு முன்பே வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.